கேஸ் தொல்லைக்கு எதை வாங்குவது: மாத்திரையா, சோடாவா, ஓமமா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ தண்டையார்பேட்டையிலோ ஏதாவது ஒரு மருந்துக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "அண்ணே, கேஸுக்கு ஒண்ணு குடுங்க" என்று ஒருவராவது வந்து கேட்பார். எப்போது உப்புகிறது, மேல் வயிறா அடிவயிறா என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பான்டோப்ரசோல் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். இல்லையென்றால் ரோஸ் நிற டைஜீன். அவசரக்காரருக்கு ஒரு ஈனோ பாக்கெட். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் வாங்குபவர் நினைக்கிறார். உண்மையில் மூன்றும் வெவ்வேறு வேலை. அதில் ஒன்று வாயுவைத் தொடுவதே இல்லை, நான் பார்த்தவரை அதுதான் அதிகம் கைமாறுகிறது.

எதை எதற்கு வாங்கலாம் என்று பேசுவதற்கு முன் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். நெஞ்சின் நடுவில் கனம், கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, இவை வந்தால் கேஸ் என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், வெறும் அஜீரணம் மாதிரியும் மாரடைப்பு வரும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு "வெறும் கேஸ்தான்" என்று டாக்டர் சொன்னால் நிம்மதியாகத் திரும்பி வரலாம். அதை வீட்டில் நாமே சொல்லிக்கொள்வதில்தான் ஆபத்து.

சரி, வயிற்றுக்கு வருவோம். வாயு சேர இரண்டு வழி உண்டு. ஒன்று, நாம் விழுங்கும் காற்று. அவசர அவசரமாகச் சாப்பிடும்போதும், சூடான டீயை உறிஞ்சும்போதும், சூயிங்கம் மெல்லும்போதும், பீடி இழுக்கும்போதும் உள்ளே போவது. இதில் பெரும்பகுதி ஏப்பமாக வந்துவிடும். இன்னொன்று, பெருங்குடலில் உற்பத்தியாவது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்தையும் சில சர்க்கரைகளையும் அங்கிருக்கும் பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் உண்டாகிறது. நாற்றம் இவற்றால் இல்லை, துளியூண்டு இருக்கும் கந்தகச் சேர்மங்களால். ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை வாயு பிரிவது இயல்பு, அதற்கு மருந்தே வேண்டாம்.

எந்த வழி என்று கண்டுபிடிக்க நேரத்தைப் பார்த்தால் போதும். சாப்பிட்டு அரை மணிக்குள் மேல் வயிறு திம்மென்று ஆகி ஏப்பம் ஏப்பமாக வந்தால் அது விழுங்கிய காற்றாகவோ இரைப்பை மெதுவாகக் காலியாவதாகவோ இருக்கலாம். மதியம் சாப்பிட்டது சாயங்காலம் அடிவயிற்றில் உருட்டினால், காலையில் தட்டையாக இருந்த வயிறு ராத்திரி லுங்கி முடிச்சைத் தளர்த்தும் அளவுக்கு வீங்கினால், அது நொதித்தல். இரண்டுக்கும் ஒரே மாத்திரை கேட்பதில் அர்த்தமில்லை.

இப்போது அந்த மூன்று பொருளையும் எடுத்துக்கொள்வோம்.

பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் எல்லாம் இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைப்பவை. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், அல்சர் என்றால் இவற்றை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பெருங்குடலில் பட்டாணி நொதிப்பதற்கும் இரைப்பை அமிலத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அதோடு, இது வேலை செய்ய வேண்டுமானால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வெறும் வயிற்றில் போட வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். பிரியாணி சாப்பிட்டு வயிறு உப்பிய பிறகு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வது மனத் திருப்திக்குத்தான். வருடக்கணக்கில் தொடர்ந்தால் பி12, மெக்னீசியம் குறைய வாய்ப்பிருக்கிறது. அமிலம் குறைந்த வயிற்றில் பாக்டீரியா கூடுதலாக வளரவும் இடம் கிடைக்கும், அதனால் சிலருக்கு உப்புசம் அதிகமாகக்கூட ஆகலாம். பல மாதம் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து எரிச்சல் வரும். "பார்த்தியா, மாத்திரை இல்லாம முடியல" என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். எரிச்சல் இல்லாமல் வெறும் உப்புசம் மட்டும் உள்ளவர் இதை வாங்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இதிலேயே 'டி' சேர்த்து வருவதில் டோம்பெரிடோன் இருக்கிறது. இரைப்பையை வேகமாகக் காலியாக்கும், குமட்டலை அடக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துபோகிறவர்களுக்கு டாக்டர் சில நாட்களுக்கு எழுதித் தருவதுண்டு. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது என்பதால் வயதானவர்களும் இதய நோயாளிகளும் கடையில் கேட்டு வாங்கித் தினமும் போடும் பொருள் இல்லை.

டைஜீன், ஜெலுசில் இரண்டிலும் அமிலத்தைச் சமன் செய்யும் அலுமினியம், மெக்னீசியம் உப்புகளோடு சைமெத்திகோன் இருக்கிறது. வாயுவுக்கான சரக்கு அதுதான். சின்னச் சின்னக் குமிழிகளை ஒன்றாக்கிப் பெரிதாக்கும், அது சுலபமாக வெளியேறும். ரத்தத்தில் கலப்பதே இல்லை என்பதால் பயமில்லை. ஆனால் வாயு உண்டாவதை இது தடுக்காது. ஆய்வுகளிலும் ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்காத மருந்துதான். ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல் வயிற்று உப்புசத்துக்கு மருந்துக் கடையில் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். தைராய்டு, இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்கள் இதையும் அதையும் சேர்த்துப் போடக் கூடாது, சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

ஈனோ கதையே வேறு. சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் தண்ணீரில் சேர்ந்து பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. குடித்ததும் பெரிய ஏப்பம் வரும், "கேஸ் போச்சு" என்று ஆசுவாசம். அந்த ஏப்பத்தில் பெரும்பங்கு ஈனோ கொண்டுவந்த காற்றுதான்! அமிலத்தை உடனே குறைப்பது உண்மை, அதனால் எரிச்சலுக்குச் சட்டென்று சுகம் கிடைக்கும். உப்புசத்துக்கு இல்லை. அதில் சோடியம் நிறைய இருப்பதால் ரத்த அழுத்தம், இதயம், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. கோலி சோடாவுக்கும் இதே கணக்குதான். பன்னீர் சோடாவில் சர்க்கரை வேறு.

கரி மாத்திரை என்று ஒன்று கிடைக்கிறது. பலன் நிச்சயமில்லை, மற்ற மருந்துகளையும் உறிஞ்சிவிடும், விட்டுவிடலாம். புரோபயாட்டிக் பாக்கெட்டுகள் விலைக்குத் தகுந்த வேலை செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

சமையலறைச் சரக்குக்கு வந்தால் நிலைமை இன்னும் சுவாரசியம். ஓமத்தில் இருக்கும் தைமால் குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தக்கூடியது. சீரகம், சோம்பு எல்லாம் அதே ஜாதி. பெரிய அளவில் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு, ஆனாலும் வாயுப் பிடிப்பு மாதிரி சுருக்சுருக்கென்று இழுக்கும் வலிக்கு ஒரு டம்ளர் சூடான ஓமத் தண்ணீர் கெடுதல் செய்யப்போவதில்லை, செலவும் சில்லறைதான். இஞ்சிக்கு, சுக்குக்கு ஆதாரம் இன்னும் கொஞ்சம் உறுதி. இரைப்பை சீக்கிரம் காலியாக உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, மேல் வயிறு கனமென்றால் சுக்கு, அடிவயிறு இழுத்தால் ஓமம், சீரகம். பெருங்காயம் கரைத்த மோர் இரண்டுக்கும் நடுவில்.

தனித்தனியாக வாங்கச் சோம்பேறித்தனமாக இருந்தால் அஷ்ட சூரணம் இருக்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம், இந்துப்பு என்று எட்டும் சேர்ந்தது. ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். முதல் கவளம் சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து சாப்பிடுவது பழைய முறை. ஒரு வகையில் இது மாத்திரையைவிடப் புத்திசாலித்தனமான நேரம், உப்பிய பிறகு இல்லாமல் சாப்பாட்டோடே உள்ளே போகிறது. ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு மிளகும் திப்பிலியும் எரிச்சலைக் கூட்டலாம். இந்துப்பும் உப்புதான், பிரஷர்காரர்கள் மறக்கக் கூடாது. கைக்குழந்தைக்கு இதையெல்லாம் கரைத்து ஊற்றும் வேலை வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பூண்டுப் பால். எங்கள் பக்கம் இதற்கு எதிராகப் பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பூண்டில் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது, அதைச் செரிக்க மனிதக் குடலில் நொதியே கிடையாது. வேகவைத்தாலும் அது போகாது, பாலில் இறங்கும். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை. நம் ஊரில் பெரியவர்களில் நிறையப் பேருக்கு அது முழுதாகச் செரிப்பதில்லை. ஆக, நொதிக்கக்கூடிய இரண்டு பொருளைச் சேர்த்துக் காய்ச்சி, ராத்திரி படுக்கும் நேரத்தில் வாயுவுக்கு மருந்தாகக் குடிக்கிறோம். சிலருக்கு இதமாக இருப்பது சூட்டினால் இருக்கலாம். குடித்த மறுநாள் காலை வாயு தாராளமாகப் பிரிந்தால் "பூண்டு வேலை செய்யுது" என்பார்கள். வேலை செய்கிறதுதான், எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி. பூண்டு வாசனை வேண்டும் என்றால் எண்ணெயில் பொரித்துப் பல்லை எடுத்துவிடலாம். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது.

இதுவரை பார்த்தது வந்த பிறகு அடக்குவது. வராமல் பார்த்துக்கொள்வதில்தான் காசுக்குத் தகுந்த பலன் அதிகம் என்பது என் முடிவு, அதற்குக் காரணம் தட்டில் இருக்கிறது.

பீச் ஸ்டேஷன் எதிரே சாயங்காலம் அத்தோ கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு, இன்று வடசென்னையின் சொந்தச் சாப்பாடு. கோதுமை நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், மேலே பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு தட்டை. வாயுக் கணக்கில் பார்த்தால் கோதுமையிலும் வெங்காயத்திலும் ஃப்ரக்டான், கோஸில் ராஃபினோஸ் என்ற இன்னொரு செரிக்காத சர்க்கரை. எண்ணெய் இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும். நின்றுகொண்டு, பேசிக்கொண்டு, உறிஞ்சிச் சாப்பிடுவதால் காற்றும் இலவசம். இதைச் சாப்பிடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாதித் தட்டு, பச்சை வெங்காயம் குறைவாக, வாழைத்தண்டு சூப்பை ஆற அமரக் குடித்து, மேலே சோடா இல்லாமல் முடித்தால் பெரும்பாலும் வயிறு பொறுத்துக்கொள்ளும். மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முழுத் தட்டும் சோடாவும் என்பது மோசமான பேரம்.

சுண்டல் வகையறாவுக்குத் தீர்வு இன்னும் எளிது. கொண்டைக்கடலை, பட்டாணி, மொச்சையில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் தண்ணீரில் கரைபவை. ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்தால் கணிசமாகக் குறையும். "சத்து போயிடுமே" என்று ஊறல் தண்ணீரிலேயே வேகவைப்பவர்கள் உண்டு. போவது கொஞ்சம் சத்து, கூடவே நிறைய வாயு. முளைகட்டினாலும் குறையும். உளுந்து இட்லி மாவாகப் புளிக்கும்போது இதே சர்க்கரைகளைப் பாத்திரத்திலேயே நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன, அதனால்தான் உளுந்து வடைக்கு உப்புகிற வயிறு இட்லிக்கு உப்புவதில்லை.

இதற்கென்றே ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் நொதி மாத்திரை இருக்கிறது. முதல் வாய்ச் சாப்பாட்டோடு போட வேண்டும், பயறு வகைகளுக்கு வேலை செய்கிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் எதற்கும் உதவாது. எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதும் இல்லை. வீட்டுச் சுண்டலுக்கு ஊறவைக்கும் பாத்திரம் போதும். வெளியே விருந்துக்குப் போகும்போது வேண்டுமானால் இது உதவும்.

வீட்டுப் பெரியவர்களின் 'வாயுப் பதார்த்தம்' பட்டியலை மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. வாழைக்காயில் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து அதிகம், மொச்சையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்கைச் சூடாகச் சாப்பிட்டால் அவ்வளவு குற்றம் சொல்ல முடியாது. ஆறிப்போனதில் செரிக்காத மாவு கூடுகிறது.

பாலைப் பற்றித் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். நூறு மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ். லாக்டோஸ் சரியாகச் செரிக்காதவர்களில் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் 12 கிராம் வரை தாங்கிவிடுவார்கள். அதனால் கடை டீ ஒன்று பெரும்பாலும் குற்றவாளி இல்லை. சௌகார்பேட்டையில் பெரிய டம்ளரில் மசாலா பாலும் கூடவே ரப்டியும் சாப்பிட்டுவிட்டு ராத்திரி உருள்பவர்கள் யோசிக்கலாம். ஒரு வாரம் பாலை நிறுத்தித் தயிர், மோர் மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள். வயிறு தட்டையானால் விடை கிடைத்துவிட்டது. லாக்டோஸைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் மாத்திரை, லாக்டோஸ் இல்லாத பால் எல்லாம் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இன்னொரு காரணத்தை யாரும் சந்தேகிப்பதே இல்லை: சுகர் மாத்திரை. வோக்லிபோஸ், அகார்போஸ் இரண்டும் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதமாக்கிச் சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்பவை. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போனால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். மெட்ஃபார்மினும் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். இந்த மாத்திரைகளால் உப்பிய வயிற்றுக்குப் பான்டோப்ரசோல் போட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உப்புசம் எந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்தது என்று டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ, மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மினுக்கு மாற்றவோ வழி இருக்கிறது.

மலச்சிக்கல் இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். குடல் அடைசலாக இருக்கும்போது ஓமமும் எடுபடாது, சைமெத்திகோனும் எடுபடாது. திரிபலாவா, இசப்கோலா என்றால் உப்புசக்காரருக்கு இசப்கோல் என் தேர்வு. மற்ற நார்ச்சத்துகளைவிட இது மெதுவாக, குறைவாக நொதிக்கிறது. சிறிய அளவில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு. தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிட நடையும் இதோடு சேர்த்தி. லேசான உடலசைவு குடலில் தேங்கிய வாயுவை நகர்த்துகிறது என்பது சோதித்துப் பார்த்த விஷயம். திருவொற்றியூர்க்காரர்களுக்குக் கடலோரம் இருக்கிறது, வியாசர்பாடியில் மொட்டை மாடி போதும்.

இதையெல்லாம் செய்தும் அடங்கவில்லை என்றால் ஃபோட்மேப் முறை இருக்கிறது. மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. நொதிக்கும் சர்க்கரைகள் உள்ள உணவையெல்லாம் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து எது ஆகவில்லை என்று பிடிப்பது. ஐபிஎஸ், அதாவது குடலில் புண் எதுவும் இல்லாமலே வலியும் உப்புசமும் மலப்போக்கில் மாற்றமும் அடிக்கடி வரும் கோளாறு, உள்ளவர்களுக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் சின்ன வெங்காயமும் பூண்டும் கோதுமையும் பயறும் இல்லாத சமையலை நம் வீட்டில் யார் செய்வது? உணவியல் நிபுணர் துணை இல்லாமல் முழுதாக இறங்கினால் சத்துக் குறைவில்தான் முடியும். எளிய வடிவம் ஒன்று போதும்: இரண்டு வாரம் வெங்காயம், பூண்டு, பால் மூன்றை மட்டும் குறைப்பது. பச்சைப் பயறுக் கூட்டு, மீன் குழம்பில் வெங்காயத்துக்குப் பதில் தக்காளியும் பெருங்காயமும், சாதம், இட்லி, தயிர் என்று ஓட்டிவிடலாம். காசிமேட்டில் மீன் இருக்கும்வரை இது பெரிய தியாகம் இல்லை. மீனில் நொதிக்கும் சர்க்கரை எதுவும் கிடையாது. இதே ஐபிஎஸ் வலிக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் மாத்திரைக்கும் ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு, ஆனால் நெஞ்செரிச்சலைக் கூட்டும்.

எடை தானாகக் குறைவது, மலத்தில் ரத்தம் அல்லது தார் மாதிரிக் கறுப்பு, ரத்தசோகை, விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, வயிறு வீங்கி மலமும் வாயுவும் அடியோடு நின்றுபோவது, இதில் எது இருந்தாலும் மேலே சொன்ன எதையும் முயலாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு அன்றைக்கே, தாமதிக்காமல். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக உப்புசம் ஆரம்பித்து வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் கேஸ் என்று விடாமல் சினைப்பையை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்டான்லியில் குடல் நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. போகும்போது போட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், சுகர், பிரஷர், தைராய்டு எல்லாம், சூரண டப்பாவையும் சேர்த்து.